பேரிடர் நேரத்தில் வார்டில் என்ன செய்வது? மருத்துவமனை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீயணைப்பு வகுப்பு, மாக் டிரில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான இண்டக்‌ஷன் என எது நடந்தாலும், கடைசியில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் ஒரு கைகூட உயராது. முடிந்து வெளியே வந்ததும் டீ குடிக்கிற இடத்தில் ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர மருத்துவமனையை மனதில் வைத்து எழுதியது. ஸ்டாஃப் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், டெக்னீஷியன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி எல்லாருக்கும் பொது. உங்கள் இடத்தில் எழுத்துபூர்வமாக வேறு நடைமுறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள், இதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம்.

பேரிடர்னா சுனாமி, பூகம்பம்தானே? நம்ம ஆஸ்பத்திரிக்கு அதெல்லாம் எங்க வரப்போகுது?

மருத்துவமனைக்குப் பேரிடர் என்பது இருக்கிற ஆளும் பொருளும் அந்த நேரத்துத் தேவைக்குப் பத்தாமல் போவதுதான். பஸ் கவிழ்ந்து 15 பேர் வந்தால் 30 படுக்கை உள்ள தாலுகா மருத்துவமனைக்கு அது பேரிடர். அதே 15 பேர் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போனால் கொஞ்சம் வேலை அதிகமான இரவு, அவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. வெளியே எங்கோ நடந்து அடிபட்டவர்கள் நம்மிடம் வருவது ஒன்று. தீ, மின்தடை, ஆக்சிஜன் தீர்வது, தண்ணீர் புகுவது என்று நம் கட்டடத்துக்குள்ளேயே நடப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வருவதும் நடக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி நகரமே மூழ்கியது, அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. சிகிச்சை கொடுக்க வேண்டிய இடமே உதவி கேட்கிற நிலை.

இதெல்லாம் ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அதிகாரி), அட்மின் பார்க்கிற வேலை. ஸ்டாஃப் நர்ஸ் நான் எதுக்குப் படிக்கணும்?

நேரத்தைக் கவனியுங்கள். 2004 சுனாமி ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கொல்கத்தாவில் சுமார் 90 பேரைப் பலிகொண்ட ஏஎம்ஆர்ஐ மருத்துவமனைத் தீ 2011 டிசம்பர் 9 விடியும் முன்னே. ஜான்சி மருத்துவக் கல்லூரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டு எரிந்தது 2024 நவம்பர் 15 இரவு, அன்றே 10 குழந்தைகள் போய்விட்டார்கள். அடுத்த மாதம் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயும் இரவில்தான். தூத்துக்குடி மழையும் ஞாயிறு.

அந்த நேரங்களில் மருத்துவமனையில் யார் இருப்பார்கள்? நைட் டியூட்டி சிஸ்டர், ஒரு ஹவுஸ் சர்ஜன், மாடிக்கு ஒரு அட்டெண்டர், கேட்டில் செக்யூரிட்டி. ஆர்எம்ஓ வீட்டிலிருந்து கிளம்பி வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும், வெள்ளம் என்றால் வராமலே போகலாம். உயிர் போவதும் பிழைப்பதும் அந்த அரை மணி நேரத்தில்தான் என்பதால், ஆள் மிகக் குறைவாக இருக்கும் ஷிஃப்டை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்பது என் கருத்து. பகல் பத்து மணிக்கு எல்லாத் துறைத் தலைவர்களும் இருக்கும்போது ஓடுகிற திட்டம் பாதித் திட்டம்.

எங்ககிட்ட பிளான் இருக்கு, ஃபைல் இருக்கு. அது போதாதா?

ஃபைல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் குவாலிட்டி அலுவலக அலமாரியில், பூட்டி. ஆய்வுக் குழு வரும் வாரம் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும். 80 பக்கத்தை யாரும் புகைக்கு நடுவில் புரட்டப் போவதில்லை. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரே பக்கம் போதும்: யாருக்குப் போன் செய்வது, இரண்டு வெளியேறும் வழிகள், ஆக்சிஜன் வால்வு எங்கே, தீயணைப்பான் எங்கே, எங்கே போய்ச் சேர வேண்டும், பெரியவர்கள் வரும்வரை யார் பொறுப்பு. நர்சஸ் ஸ்டேஷனில் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். நம்பர் மாறினால் பேனாவால் அடித்துத் திருத்துங்கள், லேமினேஷன் அழகைவிட நம்பர் சரியாக இருப்பது முக்கியம்.

கோட் ரெட், கோட் ப்ளூ, கோட் யெல்லோ... எதை மனப்பாடம் பண்றது?

கோட் என்பது என்ன அவசரம் என்று நிறத்தால் அறிவிக்கும் சொல். ரெட் தீ, ப்ளூ இதயம் நின்றவர். இவை இரண்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பிங்க் பெரும்பாலும் குழந்தை காணவில்லை. மற்ற நிறங்கள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், ஆகவே வேலை மாறி வந்தவர்கள் பழைய ஞாபகத்தை நம்ப வேண்டாம். மறந்துவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள்: "மூணாவது மாடி, பெண்கள் மெடிக்கல் வார்டு, பாத்ரூம் பக்கம், தீ." இடத்தை முதலில் சொல்லுங்கள், பாதியில் லைன் போனாலும் ஆள் சரியான மாடிக்கு வருவார்கள்.

தீ பிடிச்சா முதல்ல என்ன? 101-க்கு அடிக்கவா, அணைக்கவா, பேஷண்டைத் தூக்கவா?

வகுப்பில் சொல்லும் வரிசை 'ரேஸ்': ஆபத்தில் இருப்பவரை அந்த இடத்திலிருந்து அகற்று, எச்சரிக்கை கொடு, கதவை மூடித் தீயை அடக்கு, முடிந்தால் அணை. இரண்டு பேர் இருந்தால் முதல் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்: ஒருவர் நோயாளியை இழுக்க, இன்னொருவர் அலாரத்தை அடித்து 101-க்கும் சொல்கிறார். தனியாக இருந்தால் இழுத்துக்கொண்டே கத்துங்கள், அதுவும் அலாரம்தான்.

எல்லாரும் கோட்டை விடுவது மூன்றாவது படியில். கதவை மூடுவது. நோயாளியை வெளியே கொண்டுவந்த வேகத்தில் கதவைத் திறந்தே விட்டுவிட்டால், புகை வராந்தா முழுக்க நிரம்பி மற்ற வார்டுகளுக்கும் வழி அடைபடும். ஏஎம்ஆர்ஐயில் நடந்தது இதன் பெரிய வடிவம். வண்டி நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களைச் சேமித்து வைத்திருந்தார்கள், தீ அங்கே தொடங்கியது, புகை ஏசி குழாய்கள் வழியே மேல்மாடிகளுக்கு ஏறியது, கண்ணாடி மூடிய கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயைக் கண்ணால்கூடப் பார்க்காத நோயாளிகள். தங்கள் வார்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்துவிட்டு மீண்டும் உள்ளே போன கேரளத்து நர்ஸ்கள் இருவரும் திரும்பவில்லை. ஆகவே ஏசியை அணைப்பதும் கதவுக்கு அடியில் ஈரப் போர்வையைத் திணிப்பதும் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

தீயணைப்பானை நான் தொட்டதே இல்லை. எந்தப் பின்னை இழுக்கணும்னுகூடத் தெரியாது.

கைப்பிடி இரண்டு தகடாக இருக்கும், நடுவில் ஒரு வளையத்தோடு பின், அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் சீல். பதற்றத்தில் எல்லாரும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னை இழுப்பார்கள், வராது. சிலிண்டரைத் தரையில் வையுங்கள், கைப்பிடியை விடுங்கள், வளையத்தைத் திருகி இழுங்கள், சீல் அறுந்து பின் வந்துவிடும். அப்புறம் குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, அழுத்தி, இடமும் வலமுமாக ஆட்டுங்கள். மேலே எழும் சுவாலையில் அடித்தால் பயன் இல்லை.

மின்சாதனத்தில் தீ என்றால் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு கார்பன் டை ஆக்சைடு வகையை எடுங்கள், தண்ணீர் வேண்டவே வேண்டாம். அந்த வகையின் கறுப்புக் கொம்பைப் பிடிக்காதீர்கள், உறைந்த குளிர் கையைச் சுட்டுவிடும். சின்ன அறையில் அடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். பவுடர் வகையில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் சோதிப்பார்கள், அதனால் "முள் காணோம், ரிப்பேர்" என்று புகார் எழுத வேண்டாம். எப்போதும் வெளியேறும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அணையாத தீ உங்கள் தீ இல்லை. கதவை மூடிக்கொண்டு வெளியேறுங்கள்.

வார்டு ஆக்சிஜன் வால்வை யார் மூடணும்? மூடினா பேஷண்ட் செத்துட்டா?

இந்தப் பயம் நியாயமானது. தீ இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் தீ பல மடங்கு வேகமெடுக்கும், மூடினால் அதையே நம்பியிருப்பவருக்கு ஆபத்து. அதனால்தான் முடிவு ஒருவரிடம் இருக்க வேண்டும், பெரும்பாலான இடங்களில் அது அந்த ஷிஃப்டின் இன்சார்ஜ் சிஸ்டர் அல்லது டியூட்டி டாக்டர். வரிசை இப்படி: யார் யாருக்கு ஆக்சிஜன் ஓடுகிறது என்று பார், அவர்களைச் சின்ன சிலிண்டருக்கு மாற்று அல்லது அகற்று, உரக்கச் சொல்லிவிட்டு மூடு.

ஒன்றை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். வால்வுப் பெட்டியில் எழுதியிருக்கும் படுக்கை எண்கள் இப்போதும் சரியா? வார்டைப் பிரித்துக் கேபின் போட்டிருப்பார்கள், பெட்டியில் பழைய எண்ணே இருக்கும். பெட்டிக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரோ லினன் டிராலியோ நிற்காமலும் இருக்க வேண்டும்.

லிஃப்ட்ல இறக்கலாமா? எழுந்திருக்கவே முடியாதவங்களைப் படியில எப்படி இறக்குறது?

தீயின்போது லிஃப்ட் கூடாது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்து ஒரு சிறுமி உட்பட 6 பேர் இறந்தார்கள், லிஃப்டை உடைத்து உள்ளே மயங்கிக் கிடந்தவர்களை மீட்க வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் லிஃப்ட் நின்றுவிடும், அதன் குழியோ புகைக்குப் புகைபோக்கி மாதிரி.

படியில் இறக்குவது இரண்டாவது வேலைதான். முதலில் அதே மாடியில் தீக்கதவுக்கு (தீயும் புகையும் தாண்டாமல் தடுக்கும் கதவு) அந்தப் பக்கம் நகர்த்துங்கள். அது சக்கரக் கட்டிலோடு ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம். அங்கும் புகை வந்தால்தான் படி. போர்வையை நோயாளிக்கு அடியில் விரித்து, தலைப்பக்கம் இரண்டு முனையையும் சுருட்டிப் பிடித்து இழுத்தால் ஒல்லியான ஒரு சிஸ்டரே 70 கிலோ ஆளைத் தரையில் இழுத்துவிடலாம். நம்பிக்கை இல்லையென்றால் கூட வேலை செய்பவரைப் படுக்க வைத்து வராந்தாவில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கே, ஏன் பயப்படணும்?

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஆற்றோரத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கியது. அங்கே 18 நோயாளிகள் இறந்தார்கள். மின்தடைதான் காரணமா என்பதில் நிர்வாகத்துக்கு மாற்றுக் கருத்து இருந்தது, ஆனால் ஜெனரேட்டரைத் தரைக்குக் கீழே வைக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அடுத்த கேள்வி டீசல். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. நான்கு மணி நேரத்துக்கு டீசல் வைத்துக்கொண்டு "பேக்கப் இருக்கு" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

வார்டில் இருப்பவர் தெரிந்து வைக்க வேண்டியது வேறு: சுவரில் எந்தப் பிளக் பாயிண்ட் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, எது ஓடாது. வென்டிலேட்டரும் சிரிஞ்ச் பம்பும் யுபிஎஸ் பாயிண்டில்தான் இருக்க வேண்டும், செல்போன் சார்ஜர் அங்கே இருக்கக் கூடாது. ஒவ்வொரு வென்டிலேட்டர் படுக்கையிலும் ஒரு அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) மாஸ்க்கோடு தொங்க வேண்டும், பக்கத்து அறையில் பூட்டிய அலமாரியில் இருந்தால் அது இல்லாத கணக்குதான். மின்சாரம் போன நொடியில் மானிட்டரைப் பார்க்காதீர்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரியவருக்கு ஐந்தாறு விநாடிக்கு ஒரு அழுத்து. பதற்றத்தில் எல்லாருமே தேவைக்கு அதிக வேகமாக அழுத்துவார்கள், மனதுக்குள் எண்ணிக்கொண்டே செய்யுங்கள்.

ஒரு ஜம்போ சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

சிம்பிளான கணக்கு. நம் ஊரில் ஜம்போ என்று சொல்லும் டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர், பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர். அதை நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். 10 லிட்டரில் ஓடினால் ஜம்போ 700 நிமிடம், பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பி டைப் இரண்டரை மணி நேரம். ஹை ஃப்ளோவில் 60 லிட்டர் போகிறது என்றால் ஜம்போகூட இரண்டு மணி நேரம் தாங்காது. இது நிரம்பிய சிலிண்டருக்கு. கேஜில் அழுத்தம் பாதி என்றால் நேரமும் பாதி. கடைசிச் சொட்டு வரை ஓட்டலாம் என்று கணக்குப் போடாமல் முன்கூட்டியே மாற்றுங்கள். ஸ்பேனர் சிலிண்டரோடு சங்கிலியில் கட்டியிருக்க வேண்டும், இரவு இரண்டு மணிக்கு ஸ்பேனர் தேடி ஓடும் கூத்து இல்லாத மருத்துவமனை இருந்தால் சொல்லுங்கள்.

ஒரே நேரத்துல 40 பேர் வந்தா? டெய்லி கேஷுவாலிட்டியில பண்ற ட்ரையாஜ்தானே?

ட்ரையாஜ் என்றால் வந்தவர்களை அவசரத்தின்படி பிரிப்பது. பேர் ஒன்று, வேலை வேறு. அரசு மருத்துவமனைகளில் விபத்து அவசர சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்), பச்சை (லேசான காயம்) என்று பிரித்துப் பழகியிருப்பீர்கள். தினசரி வேலையில் மிக மோசமானவருக்கே எல்லாக் கையும் போகும். கூட்டமாக வரும்போது, இருக்கிற கையை வைத்து அதிகம் பேரைக் காப்பாற்றுவதுதான் கணக்கு, அதனால் பிழைக்க வாய்ப்பே இல்லாதவர் கடைசியில் போவார்.

பெரியவர்களுக்கு 'ஸ்டார்ட்' முறை, ஒருவருக்கு அரை நிமிடத்துக்கு மேல் கூடாது. நடக்க முடிகிறவர் எல்லாரும் பச்சை, அவர்களைத் தனி இடத்துக்கு அனுப்புங்கள். மீதிப் பேரில் மூச்சு இல்லையென்றால் தாடையைத் தூக்கி மூச்சுவழியைத் திறங்கள். அப்போதும் இல்லையென்றால் கறுப்பு (பிழைக்க வாய்ப்பில்லாதவர்), வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லையென்றால் சிவப்பு. "கையைத் தூக்குங்க" என்றால் புரிந்து செய்யவில்லையென்றால் சிவப்பு. இது எதிலும் மாட்டாதவர் மஞ்சள். கொட்டுகிற ரத்தத்தை அழுத்திக் கட்டுவது தவிர அந்த இடத்தில் வேறு சிகிச்சை இல்லை. குழந்தைகளுக்கான முறையில் ஒரு வித்தியாசம்: மூச்சு இல்லாமல் நாடி மட்டும் இருந்தால் ஐந்து முறை மூச்சு கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு.

இன்னொரு விஷயம், முதலில் வந்து சேர்பவர்கள் லேசாக அடிபட்டவர்கள். ஆட்டோவிலும் பைக்கிலும் தாங்களே வந்துவிடுவார்கள். எல்லாப் படுக்கையிலும் அவர்களைப் படுக்க வைத்துவிட்டால் 108-ல் வரும் சிவப்புக்கு இடம் இருக்காது. அதனால் ட்ரையாஜ் வாசலில் நடக்க வேண்டும், உள்ளே இல்லை. செய்பவர் அனுபவமுள்ள ஒரே ஆளாக இருக்கட்டும், பெரிய சர்ஜனை அங்கே நிறுத்தி வீணாக்காதீர்கள்.

கறுப்பு டேக் போட மனசு வரல சார். சொந்தக்காரங்க அடிக்க வந்தா?

மனசு வராதுதான், வரவும் கூடாது. நிறத்தைக் காட்டக் கட்டும் அந்த டேக் கடைசித் தீர்ப்பு இல்லை, அந்த நிமிடத்துக் கணக்கு. சிவப்புகளைப் பார்த்து முடித்ததும் கறுப்பில் இருப்பவர்களை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும், அதைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். அவர்களை வராந்தா ஓரத்தில் போட்டுவிடாமல் திரை போட்ட தனி இடமும் கூட ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில், சண்டை பெரும்பாலும் தகவல் கிடைக்காததால் வருகிறது. 2025 செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த இரவு அரசு மருத்துவமனை வளாகம் எப்படி இருந்தது என்று டிவியில் எல்லாரும் பார்த்தோம். தேடி வருகிறவர்கள், கேமரா, பிரமுகர்கள் எல்லாம் ஒரே வாசலில். கேஷுவாலிட்டியிலிருந்து தள்ளி ஒரு தகவல் மேசை, தமிழில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவர், அரை மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கும் பட்டியல், இது இருந்தாலே பாதிக் கூட்டம் அங்கே போய்விடும். சேதி இல்லாவிட்டாலும் "இன்னும் தெரியவில்லை, பத்து நிமிடத்தில் சொல்கிறேன்" என்று சொல்ல ஆள் வேண்டும். தாக்குதல் நடந்தால் மருத்துவ ஊழியர்களைப் பாதுகாக்கும் 2008-ம் ஆண்டின் 48-ம் எண் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, புகாரை நிர்வாகம் கொடுக்கட்டும்.

ஏஆர் (விபத்துப் பதிவேடு) போடாம, பேர்கூடத் தெரியாம ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சா நாளைக்குப் பிரச்சனை வராதா?

வராது. உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போலீஸ் நடைமுறை தடையாக இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஏஆர் பிறகு போடலாம்.

ஆனால் அடையாளம் முக்கியம். எண் அச்சிட்ட கைப்பட்டைகளைக் கட்டாக முன்பே தயாராக வைத்து, வந்தவுடன் கட்டுங்கள். கேஸ் ஷீட், ரத்த மாதிரி, எக்ஸ்ரே, பொருட்கள் போட்ட கவர் எல்லாவற்றிலும் அதே எண். "பெயர் தெரியாத ஆண்" என்று மூன்று பேருக்கு எழுதினால் ரத்தம் மாறிப் போகும். தாலி, மோதிரம், செல்போன் எதைக் கழற்றினாலும் இரண்டு பேர் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். அந்தச் செல்போனில் மணி அடித்தால் யார் எடுப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள், அது பெரும்பாலும் "அம்மா" என்றுதான் வரும்.

எமர்ஜென்சி வாட்ஸ்அப் குரூப் இருக்கே, எல்லாருக்கும் ஒரே மெசேஜ் போதுமே?

2015 வெள்ளத்தில் சென்னையில் செல்போன் சிக்னலே பல இடங்களில் இல்லை. குரூப் இருக்கட்டும், காகிதத்தில் ஒரு அழைப்பு வரிசையும் இருக்கட்டும்: ஒருவர் மூவரை அழைப்பது, அந்த மூவர் ஆளுக்கு மூவரை. மருத்துவமனையில் இருந்து நடந்து வரும் தூரத்தில் யார் யார் வீடு இருக்கிறது என்று தனிப்பட்டியல் வையுங்கள். கட்டடத்துக்குள் வாக்கி டாக்கி, அதுவும் இல்லையென்றால் சீட்டு எழுதி ஓடுவதற்கு இரண்டு பேர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070.

கெமிக்கல் லீக்னு சொல்லி வந்தா உடனே உள்ளே எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. இதில் இரக்கம் காட்டுகிற வேகமே எமன் ஆகும். 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் என்ற நச்சு வாயு விடப்பட்டபோது, அருகிலிருந்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று 600-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். உடையை மாற்றாமல் உள்ளே எடுத்ததால் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கே கண் மங்கல், தலைவலி போன்ற அறிகுறிகள். நமக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை, 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மூச்சுத்திணறலோடு மக்கள் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள்.

வாசலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக நீங்கள் நின்று, உடையைக் களையச் சொல்லுங்கள். ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அப்புறம் ஏராளமான தண்ணீர், கண்ணுக்கும் சேர்த்து. பெண்களுக்கு மறைப்பும் மாற்று உடையும் இல்லையென்றால் யாரும் களைய மாட்டார்கள், ஆகவே பழைய படுக்கை விரிப்புகளையும் நைட்டிகளையும் ஒரு மூட்டையாகக் கட்டி வையுங்கள். என்ன ரசாயனம் என்று தெரியாமல் சாதாரணச் சர்ஜிக்கல் மாஸ்க்கை நம்பிக் கிட்டே போகாதீர்கள்.

என் வீட்டிலேயே தண்ணி ஏறுது, குழந்தை மாமியாரோட தனியா இருக்கு. நான் டியூட்டிக்கு வந்தே ஆகணுமா?

எல்லா வகுப்பிலும் யாராவது தாழ்ந்த குரலில் கேட்கிற கேள்வி. என் பதில்: உங்கள் குடும்பம் பாதுகாப்பாக இல்லாமல் நீங்கள் வந்தாலும் பாதி மனதோடுதான் நிற்பீர்கள். முதலில் அவர்களை மேடான இடத்துக்கு மாற்றுங்கள், பிறகு வாருங்கள், வர முடியாவிட்டால் முடியாது என்று சீக்கிரமே சொல்லுங்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஏற்கெனவே டியூட்டியில் இருந்தால் கதை வேறு, அடுத்தவர் வந்து பொறுப்பேற்காமல் நோயாளிகளை விட்டுவிட்டுப் போக முடியாது.

இதைப் புயல் அன்று யோசிக்காமல் செப்டம்பர் மாதமே பேசிவிட வேண்டும். குழந்தையை யார் பார்ப்பார்கள், வயதானவர்களை எங்கே அனுப்புவது என்று வீட்டில் ஒரு ஏற்பாடு. லாக்கரில் ஒரு பை: மூன்று நாளைக்கு மாற்று உடை, நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை, நாப்கின், டார்ச், பவர் பேங்க், கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது. நிர்வாகமும் தங்க இடமும் சாப்பாடும் தர வேண்டும், கான்ட்ராக்டில் இருக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் சேர்த்து. ஸ்ட்ரெச்சர் தள்ளப்போவதும் கேட்டைப் பிடிக்கப்போவதும் அவர்கள்தான், ஆனால் பல இடங்களில் பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயரே இருக்காது.

மாக் டிரில் எல்லாம் சும்மா போட்டோவுக்குத்தானே?

பல இடங்களில் அப்படித்தான், மறைக்க ஒன்றும் இல்லை. தேதி சொல்லி, பேனர் கட்டி, நோயாளியாக நடிக்க நர்சிங் மாணவிகளைப் படுக்க வைத்து நடத்தினால் எல்லாம் சரியாகவே நடக்கும். இரவு எட்டரைக்கு, ஷிஃப்ட் மாறிப் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில், ஒரே ஒரு வார்டில், சொல்லாமல் நடத்திப் பாருங்கள். தீக்கதவு பூட்டியிருக்கும், சாவி பகல் ஷிஃப்ட் ஆளிடம் வீட்டில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் டிரில். ஐசியூவில் மட்டும் சொல்லாமல் நடத்தாதீர்கள், அங்கே மேசையில் படம் வரைந்து "இப்போ கரண்ட் போச்சு, அடுத்து என்ன?" என்று கேட்டு நடத்துவதே போதும். முடிந்ததும் யாரையும் திட்டாமல் எங்கே தடங்கல் வந்தது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் தேதியும் போடுங்கள்.

எல்லாம் முடிஞ்ச பிறகும் தூக்கம் வரல. இது பலவீனமா?

இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் எல்லாரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது, பேச விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் அதே காட்சி வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஐசியூவில 12 பேர், நாங்க நாலு பேர். புகை வருது. யாரை முதல்ல எடுக்கிறது?

இதற்குப் புத்தகப் பதில் ஒன்று இல்லை, இருப்பதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். பொது விதி: ஆபத்துக்கு மிக அருகில் இருப்பவர் முதலில், அப்புறம் சீக்கிரம் நகர்த்தக்கூடியவர்கள். வென்டிலேட்டரும் நான்கு பம்பும் ஓடுகிற ஒருவரை நகர்த்த மூன்று பேரும் பத்து நிமிடமும் போகும், அந்த நேரத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு இருக்கும் நான்கு பேரைத் தீக்கதவைத் தாண்டிக் கொண்டுபோய்விடலாம். ட்ரையாஜில் சொன்ன கணக்கேதான், அதே வலியோடு. புகை இன்னும் தூரத்தில் இருந்து நேரம் கையில் இருந்தால் மோசமானவர்களை முதலில் எடுக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இதை அந்த நிமிடத்தில் முடிவு செய்யாமல் இருக்க ஒரு வழி: ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஹேண்டோவரோடு சேர்த்து 12 படுக்கைக்கும் எழுதிவிடுவது. சுலபமாக நகர்த்தலாம், இரண்டு பேர் வேண்டும், மூன்று பேரும் வென்டிலேட்டரும் வேண்டும் என்று மூன்று வகை. வெள்ளைப் பலகையில் படுக்கை எண்ணுக்குப் பக்கத்தில் 1, 2, 3 போதும். எந்த மருந்து நின்றால் உடனே ஆபத்து என்று பம்பிலேயே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், மற்ற பம்புகளைத் தயங்காமல் கழற்றலாம். வெளியேறிய பிறகு யாரை எத்தனை மணிக்கு, எந்த வரிசையில், ஏன் நகர்த்தினீர்கள் என்று அன்றிரவே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். விசாரணை வரும், அப்போது ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட அந்த நான்கு வரி உங்களுக்குத் துணை நிற்கும்.